பயணச் செலவு: எங்கள் ரொக்கப் புத்தகம் சொல்லும் கதை

மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கூட்டமைப்பில் கேட்டபோது எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். காரணம் என் படிப்பு இல்லை, நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் குழுவின் பழைய புத்தகங்கள் எல்லாம் என் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன, அதுதான் காரணம். தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பதிவேடு, கடன் பதிவேடு, ரொக்கப் புத்தகம். நடுவில் ஒரு வெள்ளத்தில் தண்ணீர் புகுந்து ரெண்டு புத்தகம் கெட்டுப்போனது. மற்றதெல்லாம் பத்திரம்.

எடுத்துப் புரட்டினேன். கடன், வட்டி, அபராதம் எல்லாம் எல்லாக் குழுவிலும் இருப்பதுதான். என் கண்ணில் பட்டது ரொக்கப் புத்தகத்தில் ‘பயணச் செலவு’ என்ற ஒரு பத்தி. பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பேங்க் போய் வர பஸ். கலெக்டர் ஆபீஸ் பஸ். காந்தி மார்க்கெட் பஸ், மூட்டைக்கு லக்கேஜ். இந்தப் பத்தியை மட்டும் படித்தாலே இருபத்தஞ்சு வருஷமாக ஸ்ரீரங்கத்துப் பெண்கள் காவிரியை எப்படித் தாண்டினார்கள் என்று தெரிந்துவிடுகிறது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். கோயிலும் வீடும் பூக்கடையும் இந்தப் பக்கம் இருந்தாலும் வேலை, மார்க்கெட், ஆஸ்பத்திரி, காலேஜ், கலெக்டர் ஆபீஸ் எல்லாம் அந்தப் பக்கம். 1994-ல் திருச்சி மாநகராட்சி ஆனபோது ஸ்ரீரங்கம் நகராட்சியையும் அதோடு சேர்த்துவிட்டார்கள். காகிதத்தில் ஒரே ஊர். ஆனாலும் இன்றைக்கும் எங்கள் தெருவில் “திருச்சிக்குப் போய்ட்டு வரேன்” என்றுதான் சொல்லுவோம், ஏதோ வெளியூர் போகிற மாதிரி.

என் மாமியார் பூக்கட்டிப் பிழைத்தவர். அவர் காலத்தில் ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் வரும் யாத்ரீகர்கள் குதிரை வண்டியில் வருவார்களாம். வசதியுள்ள வீட்டுப் பெண்கள் வண்டிக்குத் திரை கட்டிக்கொண்டு போவார்களாம். அவருக்கு வண்டியும் கிடையாது, திரையும் கிடையாது. பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பழைய பாலத்தின் மேல் நடந்து சத்திரம் வரைக்கும் போவார். நாலஞ்சு கிலோமீட்டர் இருக்கும். பஸ் இல்லாமல் இல்லை. “பஸ்ஸுக்குக் குடுக்குற காசுக்கு ஒரு ஆழாக்கு அரிசி வரும்டி” என்பார். பூ வாடாமல் இருக்க விடியும் முன்னே நடந்துவிட வேண்டும், அவ்வளவுதான். இப்போது நாம் ஓடுகிற காவிரிப் பாலம் 1976-ல் வந்தது. அது வந்த பிறகும் கொஞ்ச நாள் நடந்தேதான் போனார். அகலமான நடைபாதை போட்டிருந்ததால் நடக்க இன்னும் சௌகரியமாகிவிட்டதாம்!

வடக்கே கொள்ளிடத்தில் 1928-ல் கட்டிய பழைய பாலம் இருந்தது. திருவானைக்கோவிலிலிருந்து நம்பர் ஒன் டோல்கேட் போக அதுதான் வழி. 2016-ல் பக்கத்தில் புதுப் பாலம் திறந்த பிறகு பழையதில் வண்டி விடுவதை நிறுத்தினார்கள். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தபோது அதன் தூண்கள் சரிந்து ஆற்றோடு போனதை நாமெல்லாம் பார்த்தோம். அந்த வாரத் தீர்மானப் புத்தகத்தில், கடன் தீர்மானத்துக்குக் கீழே, யாரோ “பழைய பாலம் விழுந்தது” என்று ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். கையெழுத்து என்னுடையது இல்லை.

ரயில் பற்றிக் கேட்பீர்கள். விழுப்புரம் திருச்சி கார்டு லைன் 1929-ல் முடிந்தது, அந்த வழியில்தான் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன். காவிரியைத் தாண்டி டவுன் ஸ்டேஷன், பொன்மலை, ஜங்ஷன் என்று போகும். நல்ல வழிதான். ஆனால் நாம் வேலைக்குப் போகிற நேரத்துக்கும் ரயில் வருகிற நேரத்துக்கும் பொருத்தம் பார்த்தால் பத்துக்கு ரெண்டு கூடத் தேறாது. எங்கள் ரொக்கப் புத்தகத்தில் ரயில் டிக்கெட் என்று உள்ளூர்ப் பயணத்துக்கு ஒரு வரியும் இல்லை.

அப்புறம் இருப்பது பஸ். தமிழ்நாட்டில் பஸ்களை அரசு எடுத்துக்கொண்டபோது 1972-ல் நம் பக்கத்துக்குச் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. 1985-ல் அதிலிருந்து பிரித்துத் திருச்சியைத் தலைமையாக வைத்துத் தீரன் சின்னமலை போக்குவரத்துக் கழகம். 1997-ல் தலைவர்கள் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டுத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயர் ஆக்கினார்கள். பெயர் எத்தனை மாறினாலும் திருச்சியில் ஒன்று மாறவில்லை. இங்கே தனியார் டவுன் பஸ் ஓடுகிறது. சென்னைக்காரர்கள் இதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். அங்கே டவுன் பஸ் என்றால் அரசு பஸ்தான். நமக்கோ ஒரே ஸ்டாப்பில் அரசு பஸ்ஸும் வரும், இளையராஜா பாட்டுப் போட்டுக்கொண்டு தனியார் பஸ்ஸும் வரும். எதில் ஏறுவது என்பது திருச்சிப் பெண் தினமும் போடுகிற கணக்கு.

அந்தக் கணக்குக்குள் போகும் முன் சைக்கிளைச் சொல்லாமல் விட முடியாது. நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991, 92-ல் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்ததோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக் கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், விவசாயக் கூலிகள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் பொது நிகழ்ச்சிகளில் சைக்கிள் ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், யார் தயவும் வேண்டாம் என்று அந்தப் பெண்கள் சொன்னதையும் எழுதியிருக்கிறார். என் சித்தி மகள் கீரனூர்ப் பக்கம் அப்படிக் கற்றுக்கொண்டவள்தான். அவளைப் பார்த்து நானும் ஸ்ரீரங்கத்தில் ஓட்டிப் பார்த்தேன். சித்திரை வீதியில் ஓட்டலாம். பாலத்தின் மேல், ரெண்டு பக்கமும் பஸ் உறுமும்போது, எனக்குத் தைரியம் வரவில்லை. கிராமத்துப் பெண்ணுக்குச் சைக்கிள் கொடுத்த சுதந்திரம் நகரத்துப் பெண்ணுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். ரோடு நமக்காகப் போட்டது இல்லை.

எங்கள் குழு மகளிர் திட்டம் பரவலாக வந்த காலத்தில் தொடங்கியது. அப்பளம், வடகம் போட்டு விற்றோம். உளுந்து காந்தி மார்க்கெட்டில் வாங்க வேண்டும். கணக்கு எழுதுவது என் வேலை. நான் கொஞ்சம் கறார். ஒரு ரூபாய்க்கும் பஸ் டிக்கெட்டை வாங்கி நோட்டில் ஒட்டி வைப்பேன். இன்னும் ஒட்டியிருக்கிறது. மை எல்லாம் போய்ப் பல டிக்கெட் வெறும் காகிதமாக இருக்கிறது.

2004-ல் ஒரு வரி வருகிறது. “உளுந்து 20 கிலோ, மார்க்கெட் முதல் வீடு வரை ஆட்டோ ரூ. 40.” அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. அடித்தது நான்.

அந்த முறை மார்க்கெட் போனது எங்கள் பிரதிநிதியாக இருந்த அக்கா. தையலும் தைப்பார். குழுவில் எல்லோருக்கும் மூத்தவர் இல்லை, ஆனால் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சாயந்திரம் ஆறு மணிக் கூட்டத்தில் மூட்டையோடு பஸ்ஸில் ஏற முடியவில்லை என்று ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் நான் கேட்டேன், “போன மாசம் நாங்க பஸ்ஸுலதானே கொண்டு வந்தோம்? ஒரு மூட்டை அப்பளத்துல மிஞ்சுறதே அவ்வளவுதான். ஆட்டோவுக்குக் குடுத்துட்டா நாம எதுக்கு அப்பளம் போடணும்?” கணக்குப்படி நான் சொன்னது சரி. மற்றவர்களும் தலையாட்டினார்கள். அக்கா ஒன்றும் பேசவில்லை. “இனிமேல் குழு வேலைக்குப் பஸ் கட்டணமும் லக்கேஜும் மட்டுமே வழங்குவது” என்று தீர்மானம் எழுதினோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், அக்காவும் போட்டார். அதன் பிறகு மூன்று கூட்டத்துக்கு வந்தார். கடனை முழுசாகக் கட்டி முடித்து, சேமிப்பை வாங்கிக்கொண்டு விலகிவிட்டார். வீட்டில் வேலை அதிகம் என்று காரணம் சொன்னார். அப்படியே தீர்மானத்தில் எழுதிவிட்டேன்.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். எதில் ஏறுவது என்று ஒரு பெண் எப்படி முடிவு செய்கிறாள்? நிபுணர்கள் நேரம், பணம், சௌகரியம் என்று மூன்று சொல்வார்கள். அது ஒரே இடத்துக்குப் போய் ஒரே இடத்திலிருந்து திரும்புகிற ஆணுக்கு. பெண்களின் போக்கு வேறு என்று உலகம் முழுக்க ஆய்வு செய்தவர்களும் சொல்கிறார்கள். ஒரே போக்கில் நாலு வேலை. பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ரேஷன் கடையில் எட்டிப் பார்த்து, வேலைக்குப் போய், திரும்பும்போது காய் வாங்கி வருகிறோம். நாலு இடத்தில் இறங்கி ஏறினால் நாலு டிக்கெட்.

தில்லைநகரில் வீட்டு வேலை செய்கிறவர்கள் எங்கள் கூட்டமைப்பில் நிறையப் பேர். அவர்களுக்கு முதல் வீட்டில் பால் காய்ச்சும் முன் போய்ச் சேர வேண்டும். என்.எஸ்.பி. ரோட்டு ஜவுளிக்கடையில் நிற்கிற பெண்களுக்கு, கடை திறக்கும் நேரத்துக்குப் பத்து நிமிஷம் தாமதமானால் சம்பளத்தில் பிடித்துவிடுகிற முதலாளிகள் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு எந்த பஸ் முதலில் வருகிறதோ அதுதான் பஸ். பாட்டுப் போடுகிறானா, காசு எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம். ராத்திரி ஒன்பதரைக்குக் கடை சாத்திய பிறகு கணக்கு தலைகீழாகிவிடும். அப்போது காசை யாரும் பார்ப்பதில்லை. இன்னொரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாளா என்று ஷேர் ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்கள். உள்ளே யாரும் இல்லையென்றால் அடுத்த ஆட்டோ. அந்த இருபது நிமிஷக் காத்திருப்பை எந்த ஆய்விலும் யாரும் எழுதியதாக நான் பார்த்ததில்லை.

2021 மே மாதம் 7-ஆம் தேதி பதவியேற்ற அன்றே முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று கையெழுத்துப் போட்டார். மறுநாளே அமலுக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால் மே 10-லிருந்து கொரோனாவுக்காக முழு ஊரடங்கு, பஸ்ஸே ஓடவில்லை. ரெண்டு நாள் இலவசம், அப்புறம் பஸ்ஸே இல்லை! மறுபடி ஓடத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் அனுபவித்தோம். பின்னாளில் அதற்கு விடியல் பயணம் என்று பெயர் வைத்தார்கள். டெல்லியில் 2019 அக்டோபரிலேயே இப்படி வந்துவிட்டது. கர்நாடகாவில் 2023 ஜூனில், தெலங்கானாவில் அதே டிசம்பரில். மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது. நம் ஊரில் எல்லோருக்கும் அவ்வளவு மிஞ்சுமா என்பது சந்தேகம்தான், ஏனென்றால் தனியார் பஸ்ஸில் டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனாலும் எங்கள் குழுவில் சந்தா பாக்கி வைக்கிற பழக்கம் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஸ்டாப்பில் பேச்சே மாறிவிட்டது. முன்பு “எது வருது பாரு” என்போம். இப்போது “நம்ம பஸ்ஸா, காசு பஸ்ஸா?” முன்னால் தனியார் பஸ் வந்து நிற்கும், கண்டக்டர் தம்பி “வாங்கக்கா, சீட்டு இருக்கு” என்று கூப்பிடுவான். ஏறுகிறவர்கள் ஏறுவார்கள். வயதானவர்கள் நகர மாட்டார்கள், நம்ம பஸ் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். நேரம் கையில் இருக்கிறவளுக்கு இலவசம், நேரம் இல்லாதவளுக்குக் காசு. சம்பளம் வாங்கி ஓடுகிற பெண்ணுக்கு இதில் பலன் குறைவு என்று சிலர் குறை சொல்வார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். என் மாமியார் மாதிரி வெயிலில் பாலத்தில் நடந்தவர்கள் இன்றைக்கு உட்கார்ந்து போகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு, மகள் வீட்டுக்கு, அம்மா மண்டபத்துக்கு. வீட்டில் யாரிடமும் காசு கேட்காமல் போகிறார்கள். அது பெரிய விஷயம். “எங்க போற, எதுக்குப் போற” என்ற கேள்வி முக்காவாசி அந்தக் காசு கேட்கிற இடத்தில்தான் வந்துகொண்டிருந்தது.

ஒரு பஸ்ஸில் என்னைப் பார்த்து “ஓசி டிக்கெட்டெல்லாம் பின்னால போங்க” என்று ஒரு நடத்துநர் சொன்னது உண்டு. வாயை மூடிக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் நின்ற காலேஜ் பொண்ணு இருக்கவில்லை. “எங்கப்பா கட்டுற வரியிலதான் அண்ணே உங்க பஸ் ஓடுது” என்றாள். இப்படிப்பட்டவர்கள் குறைவு, நல்லவர்கள்தான் அதிகம். எழுதாமல் விட்டால் வரலாறு ஆகாது என்று எழுதினேன்.

ரொக்கப் புத்தகத்தில் அந்த வருஷத்திலிருந்து பயணச் செலவுப் பத்தி வெறுமையாக இருக்கிறது. தணிக்கைக்கு வந்த அம்மா, “ஏம்மா, ஆறு மாசமா யாரும் எங்கயும் போகலையா?” என்று கேட்டார். கட்டணமில்லாப் பயணச் சீட்டுகளை எடுத்துக் காட்டினேன். பழைய வழக்கத்தில் அதையும் ஒட்டி வைத்திருந்தேன்.

அந்த வெறுமை 2022 செப்டம்பரில் முடிந்தது. காவிரிப் பாலத்தில் இணைப்புகளும் பேரிங்குகளும் தேய்ந்துவிட்டன, சரி செய்ய வேண்டும் என்று பாலத்தை மூடினார்கள். முதலில் டூ வீலர் மட்டும் விட்டார்கள், நவம்பரில் அதையும் நிறுத்தினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தது. ஆறு மாதம் பஸ்கள் சென்னை பைபாஸ் பாலம் வழியாகச் சுற்றிப் போயின. சத்திரம் போகக் கால் மணி நேரம் என்று இருந்தது, முக்கால் மணி, ஒரு மணி என்றாகியது. 2018-ல் வந்த அம்மா ஸ்கூட்டர் திட்டத்தில், பாதி விலை அல்லது 25,000 ரூபாய் வரை மானியம் வாங்கி வண்டி எடுத்த எங்கள் உறுப்பினர்கள் அதுவரை ராணி மாதிரி போனார்கள். அவர்களும் பைபாஸில் லாரிகளுக்கு நடுவே பயந்துகொண்டு ஓட்டினார்கள். சிலர் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு மறுபடி பஸ்ஸுக்கு வந்தார்கள். ரெண்டு பேர் திருச்சிப் பக்கத்து வேலையையே விட்டார்கள்.

அப்படி ஒரு நாள் சுற்றுவழிப் பஸ்ஸில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன். பதினெட்டு வருஷம். தலை முழுக்க வெள்ளை. பக்கத்தில் இடம் போட்டுக் கொடுத்தார். பஸ் நகரவில்லை, பேச நேரம் இருந்தது. அவராகத்தான் எடுத்தார்.

“அன்னைக்கு ஏன் ஆட்டோல வந்தேன்னு நீ கேக்கவே இல்லையே.”

“கூட்டம்னு சொன்னீங்களேக்கா.”

“கூட்டந்தான். பஸ்ஸுல ஏறுனேன். ரெண்டு கையும் மூட்டைல. பின்னால ஒருத்தன். மூட்டைய விட்டா உளுந்து போகும், குழுக் காசு. மூட்டைய விடாம இருந்தா... ரெண்டு ஸ்டாப்பு அப்படியே வந்தேன். அப்புறம் இறங்கிட்டேன். அத அத்தனை பேரு முன்னாடி எப்படிச் சொல்றது? நீ நோட்டுல எழுதுவே.”

நான் என்ன சொல்ல. நாற்பது ரூபாயைச் சிவப்பு மையில் அடித்த கை இதுதான். அவர் கோபமாகவும் சொல்லவில்லை. மெயின்கார்டு கேட்டில் கொஞ்சம் துணி வாங்க வேண்டும் என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவின் பழைய தீர்மானத்தை ரத்து செய்தோம். மூட்டையோடு போகிறவர், இருட்டின பிறகு திரும்புகிறவர் எதில் வந்தாலும் கேள்வி கேட்காமல் கட்டணம் தருவது, காரணம் எழுத வேண்டியதில்லை. கூட்டமைப்பிலும் இதை வைத்தபோது மூன்று குழுக்கள் எதிர்த்தன, கணக்கு வீங்கிவிடும் என்று. நான் பழைய கறார்க்காரி என்பதால் என் பேச்சு எடுபட்டது. கணக்கு வீங்கவும் இல்லை.

2025-ல் சுய உதவிக் குழு உறுப்பினர்களுக்கு அடையாள அட்டை வந்தது. அதைக் காட்டினால் அரசு பஸ்ஸில் 25 கிலோ வரை சரக்கு, 100 கிலோமீட்டர் வரை கட்டணமில்லாமல் கொண்டு போகலாம். லக்கேஜ் டிக்கெட்டுக்குச் சண்டை போட்ட எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. அதே வருஷம் ஜூலையில் வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூர் முனையத்துக்குப் போய்விட்டன, ஆகவே கண்காட்சிக்குச் சரக்கு கொண்டு போகிறவர்கள் ஸ்ரீரங்கத்திலிருந்து இன்னும் ஒரு பஸ் கூட மாற வேண்டியிருக்கிறது. மூட்டையை ஏற்றி இறக்குகிறவளுக்குத்தான் அந்த ஒரு பஸ்ஸின் அருமை தெரியும். காவிரியில் பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாலத்துக்கும் வேலை தொடங்கினார்கள். மெட்ரோ ரயில் வரும் என்றும் பேசிக்கொள்கிறார்கள். சமயபுரத்திலிருந்து வயலூர் வரை ஒரு வழி என்று திட்டத்தில் இருப்பதால், வந்தால் நம் தீவையும் தொட்டுத்தான் போக வேண்டும். வரட்டும். அதில் மூட்டை ஏற்ற விடுவார்களா என்று முதலில் கேட்க வேண்டும்.

இந்தக் கட்டுரை எழுதுவதற்கு முன் அக்காவிடம் போய் அனுமதி கேட்டேன். தையல் மிஷினில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டார். “எழுது. பேரு மட்டும் போடாத” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அந்த நாப்பது ரூபா இன்னும் எனக்கு வரல, அதையும் எழுது.”

அடுத்த கூட்டத்தில் வைத்து எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். ரொக்கப் புத்தகத்தில், பயணச் செலவு, காந்தி மார்க்கெட் முதல் வீடு வரை, ஆட்டோ, ரூ. 40. வவுச்சர் இல்லை.